ஒரே கரும்பலகையில் டோ ரே மீயும் ஸ ரி கவும்

செப்டம்பரில் மூன்று சனிக்கிழமைகள் தமிழ் வகுப்புக்கு லீவு விட்டேன். சில பெற்றோருக்குக் கோபம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் என்ற பகுதியில் கோயில் மண்டபத்தில் நடக்கிற வகுப்பு அது. மொத்தம் பதினான்கு பிள்ளைகள், பாதிப் பேர் பாட்டியின் தொல்லை தாங்காமல் வருகிறவர்கள், உயிரெழுத்தைத் தாண்டி மெய்யெழுத்துக்குள் இப்போதுதான் கால் வைத்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் மூன்று வாரம் விட்டால் மறுபடி அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தெரிந்துதான் விட்டேன்.

விஷயம் இதுதான். ஹெரிடேஜ் டே (இந்த நாட்டின் மரபு நாள் விடுமுறை) வார இறுதியில் எங்கள் பக்கத்தில் சின்ன அளவில் ஒரு ஜாஸ் விழா நடக்கிறது. பெரிய பேனர், விமானத்தில் வந்திறங்கும் கலைஞர்கள் எல்லாம் கிடையாது, அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. விழாவுக்கு முன்னால் மூன்று சனிக்கிழமைகள் பிள்ளைகளுக்கு இலவசப் பயிலரங்கு. உங்கள் வகுப்புப் பிள்ளைகளை அனுப்புங்கள், உங்களுக்கு மிருதங்கம் தெரியும் என்றார்களே, நீங்களும் வந்து முக்கால் மணி நேரம் ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார்கள். அந்த 'ஏதாவது' என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. என்ன வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, என்ன கொடுப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

டர்பனைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள்தான் என் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் பேசுவது இங்கிலீஷ். நிறவெறி அரசு இந்தியர்களை நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்து 1960களில் கொண்டுவந்து கொட்டிய இடம் சாட்ஸ்வொர்த். அதை ஒட்டியே கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய உம்லாசி. நடுவில் ஓர் ஆறு. இந்தப் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இங்கே கடைக்கு வருவதோடு சரி. நான் கும்பகோணத்திலிருந்து வந்து பதினோரு வருஷம் ஆகிறது, நானும் உம்லாசிக்குள் இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜாஸ் நமக்கெதற்கு என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்ட ஊர் தப்பு. டர்பன் விக்டோரியா தெருவில் நாயுடு சகோதரர்கள் நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற இடத்தில்தான் 1950களில் ஜாஸ்காரர்கள் வந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். புகழ்பெற்ற தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா 1959ல் கல்யாணம் செய்துகொண்டது சன்னி பிள்ளை என்ற டர்பன் பாடகரை, அது நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. அதற்கப்புறம் 1983ல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் மகன் டேரியஸ் புரூபெக் இங்கே நட்டால் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே முதன்முதலாக ஜாஸில் பட்டப்படிப்பை ஆரம்பித்தார். அவருடைய மாணவர்கள் ஜசானியன்ஸ் என்ற பெயரில் 1988ல் அமெரிக்கா போய் வாசித்துவிட்டு வந்தார்கள், கறுப்பர், வெள்ளையர், இந்தியர் ஒரே மேடையில், ஊரில் நிறவெறிச் சட்டங்கள் இன்னும் உயிரோடு இருந்த காலத்தில். இவ்வளவையும் அந்த அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். பையனை அனுப்பிவைத்தார். இனிமேல் என்னிடம் கேள்வி கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, முதல் சனிக்கிழமை.

சமூகக் கூடத்தில் நாற்பது பிள்ளைகள். என் வகுப்பிலிருந்து ஒன்பது பேர், உம்லாசியிலிருந்து ஒரு பள்ளிக் கொயர் (பாட்டுக் குழு) அப்படியே ஒரு மினிபஸ் டாக்ஸி நிறைய, மற்றவர்கள் அங்குமிங்குமாக. யாரும் சொல்லாமலே இடது பக்கம் இவர்கள், வலது பக்கம் அவர்கள் என்று உட்கார்ந்துவிட்டார்கள், நடுவில் நடக்க வழி விட்டு, கல்யாண மண்டபத்தில் பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி. மேஜை மேல் இரவல் வாத்தியங்கள்: டிரம்பெட், ஆல்டோ சாக்ஸபோன், இரண்டு டிரோம்போன், ஒரு கீபோர்டு, ஒரு டிரம் செட். சொல்லிக்கொடுக்க மூன்று இளம் கலைஞர்கள். நல்ல பிள்ளைகள், ஆர்வமாக வந்திருந்தார்கள், ஆளுக்கொரு தாள் நகலெடுத்தும் கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தாளில்தான் காரியம் கெட்டது.

ஐந்து கோடு போட்ட ஸ்டாஃப் நொட்டேஷன். பன்னிரண்டு பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு) புளூஸ் பாட்டு ஒன்று, அடியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்துகள்), ரொம்ப எளிது என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். தாளைக் கையில் வாங்கிய நாற்பது முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் சிலபஸுக்கு வெளியே கேள்வி வந்தால் பிள்ளைகள் ஒரு மாதிரி பார்ப்பார்களே, அந்தப் பார்வை. என் வகுப்புப் பையன் ஒருவன், கோயிலில் தாத்தாவுடன் உட்கார்ந்து தவில் வாசிக்கிறவன், எந்தத் தாளத்தையும் ஒரு தடவை கேட்டால் பிடித்துவிடுவான், அவன் தாளை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துவிட்டான். ஒரு மணி நேரம் எல்லாரும் 'எவ்ரி குட் பாய்' என்று கோடுகளின் பெயரை மனப்பாடம் செய்தார்கள். ஒரு ஸ்வரம்கூட யாரும் வாசிக்கவில்லை. டிரம்பெட் மேஜையிலேயே பளபளவென்று படுத்திருந்தது.

இடைவேளையில் உம்லாசி கொயர் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கும். அவர்கள் பக்கம் வயதில் பெரிய பெண்களை மரியாதையாக 'மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன், நாக்குக்குப் பழக்கமான சொல்தானே. அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். கோடும் இல்லை, புள்ளி வைத்த முட்டையும் இல்லை. வெறும் எழுத்துகள். டோ, ரே, மீ என்பவற்றின் முதல் எழுத்து மட்டும், நடுநடுவே தட்டுக்கு ஒரு முக்காற்புள்ளி, நீட்ட வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்பகோணத்தில் என் பாட்டு டீச்சர் எழுதிக்கொடுத்த நோட்டும் இப்படித்தான் இருக்கும். ஸ, ரி, க என்று எழுத்து, கார்வைக்கு ஒரு காற்புள்ளி, இரட்டைக் கார்வைக்கு அரைப்புள்ளி.

அதற்கு டானிக் சோல்ஃபா என்று பெயர். இங்கிலாந்தில் சேரா குளோவர் என்ற பெண் ஆரம்பித்ததை ஜான் கர்வன் என்ற பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்துப் பரப்பினார். மிஷன் பள்ளிகள் வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. பியானோ வேண்டாம், கோடு போட்ட தாள் வேண்டாம், ஒரு கரும்பலகை போதும், அதனால் அப்படியே வேரூன்றிவிட்டது. 1897ல் ஈனோக் சொன்டோங்கா என்ற பள்ளி ஆசிரியர் 'இன்கோசி சிகெலெலி ஆஃப்ரிகா'வை எழுதியதே இந்த முறையில்தான். இன்றைக்கு நாங்கள் எழுந்து நின்று பாடுகிற தேசிய கீதத்தின் முதல் பகுதி அது. இன்றும் இங்கே பல கொயர்கள் இதைப் பார்த்துத்தான் பாடுகின்றன. பதினோரு வருஷம் இந்த நாட்டில் இருக்கிறேன், மிருதங்கம் வாசிக்கிறவள் என்று பெயர், எனக்கு இது தெரியாது. யாரும் மறைத்து வைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுக்கு டோ என்பது பியானோவின் ஒரு குறிப்பிட்ட கட்டை இல்லை. எங்கே சுருதி வைக்கிறாயோ அதுதான் டோ. அப்படியே நம் ஆதார ஷட்ஜம், அதாவது ஸ.

கூடத்தின் மூலையில் ஒரு கரும்பலகை சுவரோடு திரும்பி நின்றிருந்தது. அதை இழுத்துவந்து, அவர் மேல் வரிசையில் டோ முதல் டீ வரை எழுதினார், நான் கீழ் வரிசையில் ஸ முதல் நி வரை எழுதினேன், சுண்ணாம்புக்கட்டி இரண்டு துண்டாக உடைந்ததால் ஆளுக்கொன்று. அவர் ஒவ்வொன்றாகத் தொட வலது பக்கம் பாடியது, நான் தொட இடது பக்கம் பாடியது. சங்கராபரணம். இரண்டாவது தடவை என் வகுப்புப் பெண் ஒருத்தி மேல் வரிசையைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள், யாரும் சொல்லவில்லை. தவில்காரப் பையன் கேட்டான்: "ஆன்ட்டி, அப்படின்னா இது வேற மொழி இல்லையா?" பாதித் தமிழ், பாதி இங்கிலீஷில் கேட்டான், ஆனால் கேள்வி இதுதான்.

அடுத்தது புளூஸ் ஸ்வரங்கள். இறக்கிய மீயை அவர்கள் 'மா' என்று எழுதுகிறார்கள். நமக்கோ மா என்றால் மத்யமம். எதிரே நிற்கிற டீச்சரும் மா. ஒரு கட்டத்தில் நான் "மா, அந்த மா நம்ம மா இல்லை" என்று சொல்லப் போய் கூடமே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு பலகையில் ஆறு ஸ்வரம் இருந்தது: ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், ப, கைசிகி நிஷாதம். அந்தப் பிரதி மத்யமத்தை மட்டும் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், சுத்த தன்யாசி! என் பிள்ளைகளில் இரண்டு பேர் பஜனையில் அந்த ராகத்தைப் பெயர் தெரியாமலே பாடிக்கொண்டிருக்கிறவர்கள். ராகமும் புளூஸும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை (அப்படி யாராவது கமெண்டில் எழுதினால் பதில் போட மாட்டேன்). புளூஸில் அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, மேலுக்கும் கீழுக்கும் வழுக்கிக்கொண்டே இருக்கும், அடியில் கார்டு மாறிக்கொண்டே போகும், நமக்குக் கார்டு என்ற சமாச்சாரமே கிடையாது. ஆனால் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைய அது போதும்.

அன்று பின்னேரமே அந்த இளம் கலைஞர்கள் தாளை மூட்டை கட்டிவிட்டார்கள். இதை அவர்களுடைய பெருமையாகத்தான் சொல்கிறேன். எத்தனை பேருக்கு அப்படிப் பாதியில் நிறுத்திவிட்டு வேறு வழிக்கு வரத் தோன்றும்? சாக்ஸபோன் வாசிக்கிறவர் பலகையைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். டிரம்பெட்டில் ஸி என்று வாசித்தால் வெளியே கேட்பது பியானோவின் பி ஃபிளாட், ஆல்டோவில் அதே சத்தம் வர ஜி பிடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முதல் வருஷம் பூராவும் தலைவலி தருவது இதுதானாம். இப்போது அதெல்லாம் வேண்டாம், உன் வாத்தியத்தில் இது ஸ, உன் வாத்தியத்தில் இது ஸ, முடிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை என்னுடைய முக்கால் மணி நேரம். மிருதங்கத்தை எடுத்துப் போகவில்லை, வெறும் வாய்தான். தகதிமி நாலு, தகிட மூணு, தகதகிட அஞ்சு. பன்னிரண்டு பார் என்றால் நாற்பத்தெட்டு எண்ணிக்கை, ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம், கையில் போட்டால் எங்கே இருக்கிறோம் என்று தொலையவே தொலையாது. ஸ்விங் என்கிற ஜாஸ் நடையையும் இப்படியே சொல்லிக்கொடுத்தோம். தாளில் இரண்டு சம பாதியாக எழுதியிருக்கும், வாசிக்கும்போது தகிடவில் நடு எழுத்தை விழுங்கினது மாதிரி வரும். த…ட த…ட த…ட. டிரம் வாசிக்கிற இளைஞர் இதைக் கேட்டுவிட்டு, நான் இதை விளக்க நாலு வருஷமாகத் திண்டாடுகிறேன் என்றார்.

ஆனால் அன்றைக்குப் பாடம் எனக்குத்தான். ஒன்று, நாக்கு. தகதரிகிட, தளாங்கு என்று நான் வேகம் கூட்டக் கூட்ட என் பிள்ளைகள் தடுமாறினார்கள், உம்லாசிப் பிள்ளைகள் அசரவில்லை. ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் எழுத்துகள் மூன்று வகை உண்டு, தவளைக்கு அவர்கள் சொல்கிற சொல்லில் மட்டும் இரண்டு சொடுக்கு. நாக்கு சும்மா இருந்தால்தானே தடுமாறும்? பத்து நிமிஷத்தில் ஒரு சிறுமி தகிடவின் நடு எழுத்துக்குப் பதிலாக ஒரு சொடுக்கைப் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள், அந்தச் சத்தம் டிரம்மின் விளிம்பில் அடிக்கிற ரிம் ஷாட் மாதிரியே விழுந்தது. என் குரு இருந்திருந்தால் திட்டியிருப்பார், அப்புறம் ரகசியமாக வீட்டில் முயன்று பார்த்திருப்பார்.

இரண்டாவது, குரல். சூடு ஏற்றிக்கொள்ள எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் பாடுவோம் என்று தேசிய கீதத்தையே எடுத்தோம். என் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஒரே வரியை ஒரே ஸ்தாயியில் சத்தமாகப் பாடினார்கள். உம்லாசிப் பிள்ளைகள் யாரும் யாரையும் பார்க்காமல், கண்ணைக்கூடத் திறக்காமல், நாலு குரலாகப் பிரிந்துவிட்டார்கள். பத்து வயதுப் பையன் அடிக்குரலில் தன் வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் வேறு ஸ்வரம் கேட்கும்போது இழுத்துக்கொண்டு போகாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும். நமக்கு சுருதி சுத்தம் என்றால் எல்லாரும் ஒன்றாக இருப்பது. அவர்களுக்குத் தனித்தனியாக இருந்து பொருந்துவது. அன்று வீட்டுக்குப் போகும்போது என் பெண்கள் இரண்டு பேர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒருத்தி ஸவைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி கவைப் பிடித்துக்கொள்ள முயற்சி பண்ணினார்கள். பேவியூவிலிருந்து வீடு வரைக்கும். ஒருதடவைகூட ஸ்வரம் நிற்கவில்லை. என் காதுதான் நின்றது.

மூன்றாவது சனிக்கிழமை ஒத்திகை. கால் ரொட்டி பீன்ஸ் பன்னி எல்லாருக்கும். (குடைந்த ரொட்டிக்குள் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற இந்த ஊர்ச் சங்கதி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், அடுத்த வாரம் அவர்களே கடை எங்கே என்று கேட்பார்கள்.) விழா நாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிஷம், மத்தியான வெயிலில், கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது. ஜாஸில் ஆளுக்கு நாலு பார் மாறி மாறி வாசிப்பார்கள், நம் தனி ஆவர்த்தனத்தில் மாறி மாறி வாசித்துக் குறைப்புக்கு வருவதைப் போல. தவில்காரப் பையன் டிரம் செட்டில், உம்லாசிப் பையன் டிரம்பெட்டில், நாலு, நாலு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. டிரம்பெட்காரனுக்கு மொத்தம் மூன்று ஸ்வரம்தான் வரும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு அவன் பண்ணின அட்டகாசத்துக்குச் சாப்பாட்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை வாத்தியங்கள் திரும்பிப் போய்விட்டன.

இரவல் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், ஏமாற்று எதுவும் இல்லை, கொடுத்த இடத்தின் பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் விழா முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கையில் பளபளக்கும் வாத்தியத்தைக் கொடுத்து, விளம்பரப் பலகைக்கு முன்னால் போட்டோ எடுத்தார்கள் பாருங்கள். எடுத்து முடித்ததும் ஒருவர் பட்டியலோடு வந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். டிரம்பெட்காரன் மவுத்பீஸைக் கழற்றி, தண்ணீரை வடித்து, சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தான். அவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

எனக்குத் தென்னாப்பிரிக்க டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலா ஞாபகத்துக்கு வந்தார். பதினாலு வயதில் பள்ளியில் வம்பு பண்ணிக்கொண்டிருந்த பையனிடம் டிரெவர் ஹடில்ஸ்டன் என்ற பாதிரியார் உனக்கு என்னடா வேண்டும் என்று கேட்டார், டிரம்பெட் என்றான், வாங்கிக்கொடுத்தார், சொல்லிக்கொடுக்க ஆளும் ஏற்பாடு பண்ணினார். மற்றப் பிள்ளைகளும் கேட்க ஒரு பேண்டே உருவாகிவிட்டது. 1956ல் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அந்தப் பேண்டுக்குத் தன்னுடைய டிரம்பெட் ஒன்றையே அனுப்பிவைத்தார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆம்ஸ்ட்ராங் இல்லை, பாதிரியார் முதலில் கேட்டது. ஜசானியன்ஸில் வாசித்த ஜானி மெகோவாவும் அப்படித்தான், 1994ல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் டேவிட்டனில் பிள்ளைகளுக்காக ஓர் இசைப் பள்ளியையே ஆரம்பித்தார், 2017ல் சாகும்வரை அதுவே அவர் வேலை. குளிர்காலத்தில் மகாண்டா என்ற ஊரில் தேசிய இளைஞர் ஜாஸ் விழா நடக்கிறது, நூற்றுக்கணக்கான மாணவர்கள் நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள், தேசிய இளைஞர் பேண்டுக்கு அங்கேதான் ஆள் எடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அங்கே போகிற பிள்ளையின் கையில் ஏற்கெனவே ஒரு வாத்தியம் இருக்கும். எங்கள் டிரம்பெட்காரன் அங்கே போக இன்னும் எத்தனை பஸ் மாற வேண்டும்?

உம்லாசி மாவும் நானும் போனில் பேசிக்கொண்டே இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருதடவை அங்கே, ஒருதடவை இங்கே. வாத்தியம் கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்கிறவரை குரலும் கையும் பலகையும். பயன்படுத்திய கார்னெட்டோ டிரம்பெட்டோ வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வால்வு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று கற்றுக்கொண்டிருக்கிறேன். தமிழ் வகுப்பும் நடக்கிறது. ங வரிசை இன்னும் முடியவில்லை.

அடுத்த வருஷப் பயிலரங்குக்கு இப்போதே கூப்பிட்டுவிட்டார்கள், என்ன தேவை என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். இரண்டு பெரிய கரும்பலகையும் ஒரு பெட்டி சுண்ணாம்புக்கட்டியும் என்று எழுதினேன். அதெல்லாம் எதற்கு, புரொஜெக்டரே வாடகைக்கு எடுத்துவிடலாம் என்று நேற்று பதில் வந்திருக்கிறது.